நெவர்விண்டர் நைட்ஸ்: முதல் கேம்பெயினைத் தாண்டிப் போகலாமா?

தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேமின் இரண்டு பாகத்தையும் தள்ளுபடியில் மொத்தமாக வாங்கினாராம். முதல் கேம்பெயினை, அதாவது கேமோடு வரும் நீண்ட கதையை, ஆரம்பித்துப் பதினைந்து மணி நேரம் ஆகிறது, ஆளாளுக்கு ஆகா ஓகோ என்கிறார்கள், எனக்கோ கொட்டாவி வருகிறது, எந்தக் கேம்பெயின் நல்லது, வரிசையாகத்தான் ஆட வேண்டுமா, எந்த கிளாஸ் (வீரன், மந்திரவாதி மாதிரி ஆள் வகை) எடுக்கலாம் என்று கேட்கிறார். மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: போரடிப்பது என் குறையா, கேமின் குறையா? உங்கள் குறை இல்லை. அந்த முதல் கேம்பெயின் அப்படித்தான். ஆனால் ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால், மீதியில் எதை எடுப்பது என்பது தானாகவே விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நான் இதை ஆட ஆரம்பித்தது 2003-ல், கல்லூரி இரண்டாம் வருஷம். கோடம்பாக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். இரவு பத்து மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இருந்த ஆறு கம்ப்யூட்டரையும் எங்கள் கும்பலுக்கே விட்டுவிடுவார் கடை அண்ணன். இந்த கேமோடு ஆரோரா என்று ஒரு டூல்செட் வரும், அதில் நாமே ஊர் கட்டலாம், ஆள் வைக்கலாம், கதை எழுதலாம். அப்புறம் நடத்துனர் ஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் ஆடும்போதே அவர்கள் முன்னால் பூதத்தை இறக்கலாம். அப்படி இரண்டு மூன்று வருஷம் கிறுக்குப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு லெவல் டிசைன்தான், அதாவது கேமுக்குள் வரும் இடங்களை வடிவமைப்பதுதான், எனக்குச் சோறு போடுகிறது, அதற்கு விதை அங்கே விழுந்தது. ஆகவே நான் சொல்வதில் பாதி ஆடியவனின் பேச்சு, பாதி கட்டியவனின் பேச்சு.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். முதல் பாகம் பயோவேர் எடுத்தது, 2002-ல் வந்தது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது. அதற்கு 2003-லேயே இரண்டு விரிவாக்கம் வந்தன: வருஷத்தின் நடுவில் ஷேடோஸ் ஆஃப் அன்ட்ரென்டைட், டிசம்பரில் ஹோர்ட்ஸ் ஆஃப் தி அண்டர்டார்க். இரண்டாம் பாகம் 2006-ல், இந்தத் தடவை அப்சிடியன் எடுத்தது. அதற்கு 2007-ல் மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர், 2008-ல் ஸ்டார்ம் ஆஃப் ஸெஹிர். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது யார் எந்தக் கதைக்கு நாயகன் என்பதுதான். முதல் கேம்பெயினின் நாயகன் வேறு ஆள், அன்ட்ரென்டைடின் நாயகன் வேறு ஆள். அன்ட்ரென்டைடில் ஆடிய அதே ஆள்தான் அண்டர்டார்க்கில் தொடர்கிறார். இரண்டாம் பாகத்தில் புது ஆள், அவர்தான் மாஸ்க்கிலும். ஸெஹிரில் மறுபடி புது ஆட்கள். ஆக "வரிசை" என்று ஒரே நூல் கிடையாது, இரண்டு இரட்டைக் கதைகளும் இரண்டு தனிக் கதைகளும் இருக்கின்றன. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது தனிக் கதை ஒன்றில்.

அந்த முதல் கதை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஊரில் கொள்ளைநோய். அதற்கு மருந்து செய்ய நாலு பிராணிகளிடமிருந்து நாலு பொருள் வேண்டும். நகரத்தில் நாலு பேட்டை, பேட்டைக்கு ஒன்று. சரி, முடித்தாச்சு என்று நிமிர்ந்தால் அடுத்த அத்தியாயத்தில் ஒரு மர்ம மதக்கூட்டத்தின் தடயங்களைச் சேகரிக்கப் போகச் சொல்கிறார்கள், அதற்கடுத்ததில் மந்திரச் சொற்களைச் சேகரிக்க. மளிகைச் சாமான் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரியேதான். டூல்செட்டில் நான் முதன்முதலில் கட்டிய கதையும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது என்பதால் எனக்கு இதன் ரகசியம் தெரியும். அதில் ஒவ்வொரு இடமும் சதுரச் சதுரமான ஓடுகளை ஒட்டவைத்துக் கட்டுவது. நகரம், காடு, கல்லறை, சாக்கடை என்று ஓட்டுக்கட்டுகள் உண்டு. ஒரு மத்தியானத்தில் நாலு வீதி போட்டுவிடலாம், எல்லா வீதியும் ஒரே மாதிரி இருக்கும். அதில் நடமாட ஒரு காரணம் வேண்டுமே, அதற்கு "போய் எடுத்து வா" என்பதைவிடச் சுலபமான காரணம் கிடையாது. பயோவேர் அந்தத் தடவை விற்றது உண்மையில் டூல்செட்டையும் பல பேர் சேர்ந்து ஆடும் வசதியையும்தான், கேம்பெயின் அதற்கு ஒரு நீளமான மாதிரிக் காட்சி என்பது என் ஊகம். அவர்கள் அப்படிச் சொன்னதில்லை, நான் சொல்கிறேன். நாயகனுக்கு முன்கதையே இல்லாததும், கூட ஒரே ஒரு கூலி ஆளைத்தான் சேர்க்கலாம் என்பதும், அந்த ஆளின் மூட்டையைத் திறந்து நல்ல வாளைக்கூட நாம் கொடுக்க முடியாது என்பதும் இந்த ஊகத்தோடு பொருந்துகின்றன.

அதற்காக அதைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் சார்வுட் என்று ஒரு கிராமம் வரும், காலத்திலேயே உறைந்து நிற்கும் ஊர். மேலே கோட்டையில் ஜாரெக் குடும்பத்து அண்ணன் தம்பி இருவர், ஊர்க் குழந்தைகள் செத்ததற்கு யார் பொறுப்பு என்று நாம் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு ஒரு நிமிஷம் முன்னால் எங்கள் பிரௌசிங் சென்டரில் கரண்ட் போய்விட்டது, யு.பி.எஸ். என்று பெயருக்கு ஒன்று மூலையில் இருந்தது, சேவ் செய்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆடினேன் என்றால் அந்த இடம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆரிபெத். நகரத்தைக் காக்கும் பெண் போர்வீரர், நீதிக் கடவுளான டீரின் பாலடின், அதாவது அந்தக் கடவுளுக்கு நேர்ந்துகொண்ட புனித வீரர். அவருக்கு நிச்சயமான ஃபென்திக் ஒரு அப்பாவிப் பூசாரி, டெஸ்தர் என்கிற ஒரு வேஷதாரியை நம்பி ஏமாந்ததுதான் அவர் செய்த குற்றம். ஜனங்களின் கோபத்தைத் தணிக்க ஃபென்திக்கைத் தூக்கில் போடுகிறார்கள். ஆரிபெத் உடைகிறார், எதிரிப் பக்கம் போகிறார். இதைத் தெரிந்துகொண்டால் போதும், பின்னால் ஓர் இடத்தில் தேவைப்படும். இதற்காக அறுபது மணி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, நான்தான் சொல்லிவிட்டேனே.

ஆகவே இப்போதே அதை மூடிவிட்டு அன்ட்ரென்டைடைத் திறங்கள். இது சின்னக் கதை, நான் ஆடியபோது இருபது மணி நேரத்துக்குள் முடிந்தது. மலையடிவாரத்தில் ஒரு குட்டி ஊர், டிரோகன் என்று ஒரு குள்ள வாத்தியார், அவரிடம் படிக்கும் ரெண்டு மூணு பிள்ளைகளில் நீங்களும் ஒருவர். விடியற்காலையில் கோபோல்டுகள் என்கிற குட்டி ஜந்துகள் வாத்தியார் வீட்டுக்குள் புகுந்து அடித்துப் பிடித்துச் சில பழம்பொருள்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. அவ்வளவுதான் ஆரம்பம். உலகத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை, அடிபட்டுக் கிடக்கும் வாத்தியாருக்காகப் போகச் சொல்கிறார்கள். அந்த வித்தியாசம் முதல் பத்து நிமிஷத்திலேயே தெரியும். கூடப் படிக்கும் ஸானோஸோடு போகலாம், அவனுக்கு உங்களைக் கண்டாலே ஆகாது, வழியெல்லாம் குத்திக்காட்டிக்கொண்டே வருவான். எந்த வகுப்பிலும் இப்படி ஒருத்தன் இருந்திருப்பான்.

அப்புறம் டீகின். இவனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கோபோல்டு என்றால் இந்த உலகத்தில் பத்து அடி தூரத்திலேயே வெட்டித் தள்ள வேண்டிய ஜந்து, லெவல் ஏற்றுவதற்கென்றே பிறந்தது. அதில் ஒருவன் பாட்டுக்காரன். வெள்ளை டிராகன் ஒன்றிடம் அடிமையாக இருப்பவன், தன்னைத் தானே பெரும்பாலும் "டீகின்" என்றுதான் சொல்லிக்கொள்வான். உங்கள் கூடவே வந்து உங்களைப் பற்றிக் காவியம் எழுதப் போகிறேன் என்பான். முதலில் சிரிப்பாக இருக்கும். அடுத்த கதையில் அவனே புத்தகம் போட்ட எழுத்தாளனாகத் திரும்பி வரும்போது, ஊருக்குள் விட மறுத்த ஒரு ஜந்து எத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பட்டென்று உறைக்கும். அன்ட்ரென்டைடின் கடைசிப் பகுதி, அந்தப் பாழடைந்த மந்திர நகரம், கொஞ்சம் வறட்சிதான். புதிர் மேல் புதிர். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அடுத்தது அண்டர்டார்க். கேளிக்கை என்று பார்த்தால் இந்த வரிசையிலேயே எனக்கு இதுதான் முதலிடம். வாட்டர்டீப் நகரத்து விடுதி ஒன்றில் தூங்கி எழும்போது அறைக்குள் கொலைகாரி நிற்கிறாள், உங்கள் சாமான் எல்லாம் களவு போயிருக்கிறது. கீழே சுரங்கம், அதற்கும் கீழே டிராவ் என்ற நிலத்தடி எல்ஃப் இனத்தின் சாம்ராஜ்யம், அதற்கும் கீழே நரகம். அதில் எட்டாவது தளம் கானியா, முழுக்கப் பனி. லெவல் 40 வரை ஏறலாம் என்பதால் எதிரிகளும் அதற்கேற்ற சைஸ். கூட இரண்டு பேரைச் சேர்க்கலாம், அவர்கள் மூட்டையையும் திறக்கலாம். நடு அத்தியாயத்தில் எந்தத் தீவுக்குப் போய் யாரை எதிரியிடமிருந்து பிரிக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். அதில் ஒன்றில் பொம்மை மனிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தங்களைச் செய்தவனுக்கு விசுவாசமாக இருப்பதா விடுதலையாவதா என்று சண்டை போடுவார்கள். நம்மூர்த் தேர்தல் சமயத்தில் ஆடினால் இன்னும் ருசிக்கும்.

ஆனால் இதை நான் மறக்க முடியாததற்குக் காரணம் கானியாவில் வரும் ஒரு ஏற்பாடு. அங்கே எல்லாருடைய உண்மைப் பெயரும் அறிந்த ஒரு பெண் இருக்கிறாள், காசு கொடுத்தால் பெயரை விற்பாள். ஒருவரின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவர் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவார். கடைசி எதிரியான நரக அரசன் மெஃபிஸ்டஃபிலிஸின் பெயரையும் வாங்க முடியும். கூட வந்த நண்பனின் பெயரையும் வாங்க முடியும், அங்கேதான் எனக்கு விரல் நின்றது. வாங்கலாம், விலை கட்டுப்படியாகும், கடைசிச் சண்டைக்கு உதவும், ஆனால் வாங்கிவிட்டால் அவன் நண்பன் இல்லை, ஏவலாள். எந்த அறிவுரையும் சொல்லாமல் ஒரு கடை விலைப்பட்டியலாக இதை வைத்திருக்கிறார்கள். கட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் இன்னும் பொறாமை உண்டு. நான் மேலே சொன்ன ஆரிபெத்தும் இந்தப் பனியில்தான் கிடைப்பார், அவரை மறுபடி பாலடினாக்குவதும் இன்னும் கீழே தள்ளுவதும் உங்கள் பேச்சைப் பொறுத்தது.

இரண்டாம் பாகத்துக்கு வருவோம். இதில் எனக்கு இரண்டு மனசு. சதுப்பு நிலக் கிராமத்து வளர்ப்புப் பிள்ளை, கையில் ஒரு வெள்ளித் துண்டு, துரத்தும் கூட்டம் என்று பழைய பாதையில்தான் கிளம்புகிறது. ஆரம்பத்துக் குகைகள் நீளம், கேமரா படுத்தும், கூட வருகிறவர்கள் வாசற்படியில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள். கெல்கர் என்ற குள்ள வீரன் சாராயக் கடைச் சண்டையில் துறவிகளிடம் செமத்தியாக அடிவாங்கியதால், துறவியாவது என்றால் நன்றாகக் குத்துச்சண்டை போடுவது என்று நினைத்து அதில் சேரத் துடிக்கிறான், அந்த ஒரு வேடிக்கையே கடைசி வரை தாங்கும். நடுவில் ஒரு வழக்கு வருகிறது. ஒரு கிராமத்தையே கொன்றதாக உங்கள் மேல் பழி. நீங்களே ஊர் ஊராகப் போய் சாட்சி தேடி, நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டும். வாளே எடுக்காமல், பேச்சுத் திறமையில் போட்ட புள்ளிகள் எல்லாம் வேலைக்கு வரும் அரிய இடம் அது. ஜெயித்தாலும் தோற்றாலும் எதிர்த்தரப்பு "சண்டையில் தீர்த்துக்கொள்வோம்" என்று இழுத்துவிடுவதுதான் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அதற்கப்புறம் ஒரு கோட்டை கையில் வரும், மதில் கட்ட, ஆள் சேர்க்க, காசு போட. வீடு கட்டியவர்களுக்கு இந்தச் சுகமும் கடுப்பும் புரியும். முடிவு ஏனோதானோ. கல் விழுகிறது, யாரோ பின்குரலில் மீதியைச் சொல்லி முடிக்கிறார்கள்.

அந்தக் கல் விழுந்த இடத்திலிருந்துதான் மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர் எழுகிறது. எழுத்து என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் மற்ற எதையும் வைக்க மாட்டேன். ராஷெமென் என்ற தூர தேசத்தில் ஒரு குகைக் கல்லறைக்குள் கண் விழிக்கிறீர்கள், உடம்புக்குள் ஒரு பசி புகுந்திருக்கிறது. ஆவிகளைத் தின்றால்தான் உயிர் தங்கும். திரையில் அதற்கென்று ஓர் அளவுகோல் இறங்கிக்கொண்டே இருக்கும், படுத்துத் தூங்கினால் இன்னும் வேகமாக இறங்கும். தின்றால் ஏறும், ஆனால் அடுத்த தடவை பசி கூடும். அடக்கினால் பசி தணியும். சிலர் இந்த அளவுகோல் தொந்தரவு என்று திட்டுகிறார்கள், ஆற அமர ஊர் சுற்றிப் பார்க்கவிடாது என்பது உண்மைதான். எனக்கோ அதுதான் கதையே. பசி என்று எழுதிக் காட்டாமல் பசிக்க வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சுவர் வருகிறது. எந்தக் கடவுளையும் நம்பாமல் செத்தவர்களின் ஆத்மாக்களைச் செங்கல் மாதிரி வைத்துப் பூசிய சுவர், உள்ளே அவர்கள் மெல்லமெல்லக் கரைந்துபோவார்கள். அந்தச் சுவரை எதிர்த்ததற்காகக் கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண் பூசாரி, கேலின், உங்களோடு வருவாள். என் தாத்தா கறுப்புச் சட்டைக்காரர், பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் வடபழனி முருகன் கோயிலுக்குப் போகிறவர். பிரசாதத்தைத் தாத்தா கையிலும் கொடுப்பார், அவரும் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தச் சுவரைப் பார்த்தபோது தாத்தாவை எந்த வரிசையில் வைத்துப் பூசுவார்கள் என்றுதான் தோன்றியது. கேலின் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். உங்களுக்கு அப்படித் தோன்றாமலும் போகலாம், என்னுடைய முதலிடத்தில் தாத்தாவின் பங்கு எவ்வளவு, எழுத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது.

ஸ்டார்ம் ஆஃப் ஸெஹிர் வேறு ரகம். நாலு பேரையும் நீங்களே உருவாக்கி, வரைபடத்தில் நடந்து, சரக்கு வாங்கி விற்று, கம்பெனி நடத்தி, இடையில் பாம்பு மனிதர்களோடு மல்லுக்கட்டுவது. கதைக்காக வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, கணக்குப் போட்டு கேரக்டர் செய்வதில் சந்தோஷப்படுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். என் நண்பன் ஒருவன் இதை மட்டும்தான் ஆடுவான், அவன் ஆடிட்டர்.

இதுவரை சொன்னதில் யார் எடுத்தது, எது எதன் தொடர்ச்சி, எந்த விதி எங்கே என்பதெல்லாம் உறுதி. எது உயர்ந்தது என்பது என் ருசி. இன்னும் ஒரு குறை ஒத்துக்கொள்கிறேன்: நான் எப்போதும் வாள் பிடிக்கும் ஆளாகவே ஆடியவன், மந்திரவாதியாக எந்தக் கேம்பெயினையும் முழுசாக முடித்ததில்லை. அண்டர்டார்க் மந்திரவாதிக்கு எளிது என்று எங்கள் கும்பலில் சொல்வார்கள், அது கேள்வி ஞானம்தான். முதல் கேம்பெயினை மூன்று நாலு பேர் சேர்ந்து ஆடினால் அலுப்பே தெரியாது, இது மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன், கோடம்பாக்கத்தில் நாங்கள் விடிய விடிய சிரித்துக்கொண்டு ஆடியது அதைத்தான். தனியாக உட்கார்ந்தபோதுதான் சாயம் வெளுத்தது.

ஆக உங்களுக்கு: அன்ட்ரென்டைட், அதே ஆளோடு அண்டர்டார்க். அதற்கப்புறம் ஒரு மாசம் விட்டு இரண்டாம் பாகம். அதன் ஆரம்பம் இழுத்தால் வழக்கு வரும் வரைக்குமாவது தாக்குப்பிடியுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் மாஸ்க்கை நேரடியாகவே ஆடலாம், தேவையான லெவலோடு புது ஆளை உருவாக்கிக்கொள்ள விடும். அன்ட்ரென்டைடை முடித்ததும் கேரக்டரை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அண்டர்டார்க் ஆரம்பிக்கும்போது அவரைத் தேர்ந்தெடுத்தால் லெவல் 15-க்குக் குறைவாக இருந்தால் அதுவே ஏற்றிவிடும். கிளாஸ் என்று கேட்டால் முதல் தடவைக்குச் சண்டைக்கார ஆள் ஒருவரை எடுத்து, பேச்சுத் திறமைக்கு முடிந்தவரை புள்ளி போடுங்கள். பாலடினாக இருந்தால் ஆரிபெத்தோடு பேசும் இடம் இன்னும் கனமாக இருக்கும். ஆயுதம் எதுவானாலும் பரவாயில்லை, அண்டர்டார்க்கின் நடு அத்தியாயத்தில் ரிஸோல்விர் என்று ஒரு டிராவ் கொல்லன் வருவான், காசு வாங்கிக்கொண்டு எந்த வாளையும் மெருகேற்றிக் கொடுப்பான். அவனிடம் மட்டும் பையை முழுக்கக் கவிழ்த்துவிடாதீர்கள். கானியாவில் பெயர் விற்கிற அம்மா கடன் கொடுக்க மாட்டார்.